மிசாவோ ஏறிய கூரை

திங்களன்று தொடங்கிய பனிப்புயல் புதனன்றும் விடவில்லை. மலைப்பாதை மூடிவிட்டது. பள்ளிக்கூடச் சமையல்காரி மிசாவோவுக்கு வேலை இல்லை. கணவன் தெய்ஜி இடுப்பு பிடித்துப் படுக்கையில் கிடந்தான். மகள் சதொமி கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கிசாபுரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதிகாரம் செய்துகொண்டிருந்தார். யாரால் பொறுக்க முடியும்!

வியாழன் காலை படுக்கையறைத் தள்ளுகதவு பாதியில் சிக்கி நின்றது. அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கூரையில் பாரம் ஏறி உத்தரம் வளைகிறது, உடனே ஏறிப் பனியைத் தள்ள வேண்டும்.

"மாமா, நான் ஏறுறேன்."

"நீயா? இந்த வீட்டுக் கூரையில பொம்பளை கால் வச்சதே இல்ல. மீன்காரன் பொண்ணுக்குப் பனியைப் பத்தி என்ன தெரியும்? ரோடு திறந்ததும் என் தம்பி மகன் இவாவோ வருவான்."

"அதுவரைக்கும் வீடு நிக்கணுமே!"

கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம். இன்னும் மீன்காரன் பொண்ணுதானா? அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. "பார்த்தியா, எல்லாம் சரியாப் போச்சு," என்றார் கிசாபுரோ. மிசாவோ குனிந்து பார்த்தாள். கதவு ஓடும் தடம் முழுக்க மெழுகு. சண்டை ஓயட்டுமென்று தெய்ஜி படுத்தபடியே தேய்த்து வைத்திருக்கிறான், பாவி மனுஷன்!

"அறிவிருக்கா உங்களுக்கு? வீடு கத்துது, நீங்க அது வாயைப் பொத்துறீங்க! கூரை தலையில இறங்குனா அதுக்கும் மெழுகு தடவுவீங்களா?"

தெய்ஜி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

மிசாவோ அவனுடைய பூட்ஸை மாட்டினாள், இடுப்பில் கயிறு கட்டினாள், ஏணியைத் தூக்கினாள். கிசாபுரோ வழி மறித்தார்.

"ஊர் சிரிக்கும்! ஏறித்தான் ஆகணும்னா பின்பக்கமா ஏறு. ரோட்டுப் பக்கம் தலை காட்டாதே."

வாதாட நேரமில்லை. பின்பக்கமே ஏறினாள். கூரையில் அவள் உயரத்துக்குப் பனி. இரண்டு நாள், கை மரத்துப்போகும்வரை வெட்டி வெட்டித் தள்ளினாள். சதொமி கீழே நின்று, "அம்மா, இன்னும் கொஞ்சம்தான்!" என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தாள். சனி மாலை பின்பக்கம் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஒருபக்கப் பாரத்தோடு வீட்டை விட்டால் சாய்ந்துவிடும். முன்பக்கம் மறுநாளே ஆகவேண்டும்.

ஞாயிறு காலை பாதை திறந்தது. இவாவோ இரண்டு ஆட்களோடு வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிசாபுரோ நெஞ்சை நிமிர்த்தினார். "பின்பக்கத்தைத் தெய்ஜியே முடிச்சுட்டான். முன்பக்கம் நீங்க பாருங்கப்பா."

தேநீர்த் தட்டோடு வந்த மிசாவோ அப்படியே நின்றாள்.

"அவரு அஞ்சு நாளா படுக்கையை விட்டு எந்திரிக்கல. ஏறினது நான்."

"ஆமா, அவதான்!" என்று உள்ளேயிருந்து தெய்ஜியின் குரல் வந்தது.

இவாவோ நெளிந்தான். "சரி அண்ணி, மீதியை நாங்க..."

"நீங்க டீ குடிங்க தம்பி." ஏணியை ரோட்டைப் பார்த்த பக்கம் சாத்தினாள்.

"ஊரே பாக்குதும்மா!" என்று பதறினார் மாமனார்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் ஏறுறேன். தள்ளி நில்லுங்க மாமா, தலையில விழும்."

கிசாபுரோ தள்ளி நின்றார்.