முசரவாக்கம் தாண்டி ஒரு மோட்டார் கொட்டாய்

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு சுற்றுலா பஸ்ஸுக்கும் ஒரு ஆட்டோவுக்கும் நடுவில் எங்கள் கார் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அம்மா. லைசென்ஸ் வாங்கி மூன்றே வாரம். பின்னால் ஹாரன், முன்னால் பஸ்ஸின் புகை. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னாமா, வண்டிய இங்கியே பார்க் பண்ணிட்டியா?" என்று கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஆளே இல்லாத ரோடா ஒண்ணு காட்டுடி. டில்லி வரைக்கும் ஓட்றேன்."

ஆளே இல்லாத ரோடா? எனக்கு அது நன்றாகத் தெரியுமே! நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் முசரவாக்கம் வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயல்களுக்கு நடுவே பழைய மோட்டார் கொட்டாய்கள், ஓடு வேய்ந்த மாட்டுக் கொட்டகைகள், யாரும் இல்லாத களங்கள். எல்லாம் சர்ரென்று பின்னால் ஓடிவிடும். கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அடுத்த ஊர் வந்திருக்கும். அம்மாவுக்குக் காலி ரோடு வேண்டும். எனக்கு மெதுவாகப் போகும் வண்டி வேண்டும். இரண்டும் ஒரே காரில் கிடைக்கும்போது இன்னும் எதற்கு இந்தத் தெருவில் நின்றுகொண்டிருக்கிறோம்?

இந்தக் கேமரா விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் என் ஆர்வங்களுக்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது. கீபோர்டு, ஸ்கேட்டிங் ஷூ, ஜப்பானிய மொழிப் புத்தகம், எல்லாம் அங்கேதான் ஓய்வெடுக்கின்றன. யாரோ உபயோகித்து விற்ற இந்தக் கேமரா மட்டும் நான்கு மாதமாக அலமாரிக்குப் போகாமல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் இந்த முறை நான் உண்மையாகவே மாறிவிட்டேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு விடியும்போதே கிளம்பினோம். மாசி மாதம். வயல்மேல் பனி மெல்லிசாக விரித்துப் போட்டது மாதிரி கிடந்தது. அம்மா இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. தறியில் மிதியை மிதித்து மிதித்துப் பழகிய கால் அவளுடையது. கிளட்சும் பிரேக்கும் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்லிவிட்டாளாம். அது உண்மைதான். வண்டியை நிறுத்துவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. நகர்த்துவதில்தான் சிக்கல். ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஓட்டியவர் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே போனார்.

ஆனால் அந்த வேகத்தில்தான் எவ்வளவு தெரிகிறது! ஏரிக்கரை முழுக்கப் பனைமரங்கள் வரிசையாக நிற்க, தண்ணீரில் அவற்றின் தலைகள் கீழ்நோக்கித் தொங்கின. ஒரு நீர்க்காகம் கட்டைமேல் இறக்கையை விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. ஈரப்புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பது போல அப்படியே அசையாமல். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை எடுப்பதற்காக, "நிறுத்து" என்றேன். அம்மா நிறுத்தினாள். பறவை பறந்தது. "நான் இன்னா பண்ணட்டும், அதுக்கும் ஒரு பிரேக் போடட்டுமா?" என்றாள். மூன்று மாட்டுக் கொட்டகை, ஒரு வைக்கோல் போர், கூரை விழுந்து சுவர் மட்டும் நிற்கும் ஒரு நெல் கிடங்கு. எட்டு மணிக்குள் நூறு படம் தாண்டிவிட்டது.

அந்த மோட்டார் கொட்டாயை முசரவாக்கம் தாண்டி, வலது பக்கம் மண் ரோட்டில் திரும்பிய பிறகு பார்த்தேன். பஸ்ஸிலிருந்து ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. கிணற்றை ஒட்டிச் சின்னதாக ஒரே அறை. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்து இரண்டு கருங்கல் தூண்கள் கிணற்று மேட்டில் இன்னும் நிமிர்ந்து நின்றன. கட்டடத்தைக் கட்டியவர் யாரோ, கை தேர்ந்தவர். சுண்ணாம்புப் பூச்சு தேங்காய்ப் பருப்பு மாதிரி வழவழப்பு. மேலே நாட்டு ஓடு, அதைத் தாங்கப் பனஞ்சட்டம். ஒரு சட்டம்கூடத் தொய்யவில்லை. கிழக்குச் சுவரில் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து முக்கோணமாகக் காற்றோட்டத்துக்கு வழி வைத்திருந்தார். காலை வெயில் அதன் வழியாக நுழைந்து உள்ளே தரையில் அதே முக்கோணத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்தது. மோட்டாரும் இரண்டு விதைநெல் மூட்டையும் இருக்கப்போகிற அறைக்கு இவ்வளவு அழகு தேவையா? தேவை என்று ஒருவர் நினைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கதவு கரையான் அரித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாசல் திறந்தே கிடந்தது. அம்மா இரண்டு முறை குரல் கொடுத்தாள். பதில் இல்லை. வெளியே இருந்து பதினைந்து படம் எடுத்துவிட்டு, தரையில் விழுந்த வெயிலை எடுக்கக் கேமராவில் கண்ணை வைத்தபடியே உள்ளே நுழைந்தேன். முட்டியில் சிலந்தி வலை மாதிரி ஏதோ பட்டது. நான் கவனிக்கவில்லை.

பின்னாலேயே வந்த அம்மா வாசலில் நின்றுவிட்டாள். வாசலின் இரண்டு பக்கமும் பூ கட்டுகிற வெள்ளை நூல் அறுந்து தொங்கியது. முட்டி உயரத்தில் ஒன்று, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் இன்னொன்று. எங்கள் வீட்டில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போனதில்லை. தறியில் ஒரு இழை விட்டுப்போனால் புடவை முழுக்க ஒரு கோடு ஓடும். அதனால் கை யோசிப்பதில்லை. அம்மாவின் விரல்கள் நான்கு முனையையும் தேடிப் பிடித்து, ஈரம் தொட்டு, இரண்டு நூலையும் இழுத்துப் பிணைத்து, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டன. முடிச்சு எங்கே என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு இரண்டையும் பத்திரமாகத் தாண்டி உள்ளே வந்து, சட்டத்தை அண்ணாந்து பார்த்து, "தச்சன் நல்லா பண்ணிக்கிறான்" என்றாள்.

நாங்கள் வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, வரப்பில் ஒரு பெண் வேகமாக வந்தார். அம்மாவைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். கையில் காலிப் பால் கேன். எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நேராக வாசலுக்குப் போய்க் குனிந்து நூலைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகம் தெளிந்தது. அப்புறம் விரலால் தடவினார். முடிச்சு தட்டுப்பட்டது.

"யாரு இத தொட்டது?"

அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அறுந்து கிடந்தது, நான்தான் முடிச்சுப் போட்டேன்.

அவர் பால் கேனைக் கீழே வைத்துவிட்டார். கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் அவர் சொன்னது இதுதான். போன வாரம் பக்கத்துக் கழனியில் வயரை அறுத்து மோட்டாரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இவர் கொட்டாயிலும் ஏதோ நுழைந்துகொண்டிருக்கிறது. ஆளா, பிராணியா என்று முதலில் தெரியவில்லை. கதவு செய்யத் தச்சர் முந்தாநாள்தான் பத்து நாள் கேட்டிருக்கிறார். அதனால் சாயங்காலம் இரண்டு நூல் கட்டுவார். கீழ் நூல் மட்டும் அறுந்தால் பிராணி. மேல் நூல் அறுந்தால் ஆள். இருட்டில் வருகிறவனுக்குப் பூ நூல் தெரியாது. இதுவரை கீழ் நூல்தான் அறுந்திருக்கிறது. நேற்றும் கட்டினார். தினமும் விடிந்ததும் பார்ப்பவருக்கு இன்று பால் சொசைட்டியில் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் இரண்டிலும் முடிச்சு.

"ஆளுன்னா இன்னிக்கே மோட்டார கழட்டி ஊட்டுக்கு எடுத்துக்கினு பூடணும். எடுத்துட்டா இதுக்கு யாரு தண்ணி காட்றது?" என்று வயலைக் காட்டினார். நவரைப் பட்டத்து நெல். கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். இப்போது பத்து நாள் காய்ந்தால் மணி பிடிக்காமல் எல்லாம் பதராகிவிடும் என்றார். மோட்டாரை விட்டால் திருடன், எடுத்தால் பயிர் போச்சு. அந்த இரண்டு நூல்தான் அவருக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் நாங்கள் கலைத்திருக்கிறோம்.

அம்மாவின் பெருமை இறங்கிவிட்டது. "தெரியாம பண்ணிட்டேன் அக்கா. நான் பாத்தப்ப ரெண்டும் அறுந்துதான் இருந்துது."

அப்போதுதான் எனக்கு முட்டியில் பட்டது ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னேன். நான் ஒரு நூலை அறுத்திருக்கிறேன். ஒன்றா, இரண்டா, தெரியாது.

"கால்ல எங்க பட்டுது? முட்டியிலயா, கீழயா? ரெண்டுமா?"

"முட்டியில பட்டுது ஆன்ட்டி. கீழ தெரியல."

"இன்னா பாப்பா நீ, கால்ல பட்டது கூடவா தெரியாது?" என்றார். அம்மா, "அது நடக்கும்போது தரையப் பாத்ததே கெடையாது அக்கா" என்று எனக்குச் சாதகமாகவா பாதகமாகவா என்று தெரியாமல் ஒரு சாட்சி சொன்னாள்.

பதினைந்து படம்! உள்ளே நுழைவதற்கு முன்னால் எடுத்தவை! கேமராவை இயக்கிப் பின்னோக்கித் தள்ளினேன். ஓடு, ஓடு, சட்டம், கல்தூண், மறுபடி ஓடு. வாசலை விட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். பன்னிரண்டாவது படத்தில்தான் வாசல் முழுசாக இருந்தது. அதுவும் ஓரத்தில். மூன்று பேரும் கிணற்று மேட்டு நிழலில் உட்கார்ந்தோம். அந்த ஆன்ட்டி முந்தானையால் திரைக்கு மேல் கூடாரம் போட்டுப் பிடிக்க, நான் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். இருட்டு வாசல். அதன் நடுவே, வெயில் பட்டு, மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும், முட்டி உயரத்தில், முழுசாக.

"மேல் நூலு அறுவல" என்றாள் அம்மா. இழை பார்ப்பதற்கு அவள் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதே இல்லை. "கீழ பாருங்க. அந்த மூலையில ஒண்ணு தொங்குது, இந்த மூலையில ஒண்ணு தொங்குது. அது ராத்திரியே அறுந்துது."

அந்த ஆன்ட்டி உடனே நம்பிவிடவில்லை. கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தார். படத்தையும் நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முழங்காலை வைத்து அளந்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மோட்டாரு இங்கியே இருக்கட்டும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகிப் பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து தண்ணீர் குதித்து வாய்க்காலில் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலையில் எடுத்த எந்தப் படத்தையும்விட அந்தத் தண்ணீரைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் இரண்டைக் கட்டி இரவெல்லாம் காவல் வைத்துவிட்டுத் தூங்கப்போகும் அந்த மனுஷியின் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. கேமரா வைத்துக் காவல் காப்பவர்கள்கூட இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வியே இரண்டுதான், பதிலும் இரண்டுதான்.

கோபம் போன பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவின் முடிச்சைத் திரும்பத் திரும்பத் தடவி, இது எப்படி இவ்வளவு சின்னதாக வருகிறது என்று கேட்டார். பிறகு விதைநெல் மூட்டையைக் காட்டினார். இந்த வருஷம் எலி ஒரு ஓட்டைகூடப் போடவில்லையாம். வருவது காட்டுப்பூனையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. மரநாய் என்கிறார் அவர் வீட்டுக்காரர். வீட்டில் ஒரு வாரமாக இதே சண்டை. "எதுவா இருந்தா இன்னா, எலி புடிச்சா சரி. ஆனா இன்னான்னு தெரிஞ்சா, கதவு போடும்போது அதுக்கு ஒரு வழி உட்டுப் போடுவேன்" என்றார்.

காதில் விழுந்ததுதான் தாமதம், நான் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் என் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது. எதிரில் ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கிற வசதி அதில் உண்டு. கொட்டாயில் கரண்ட் இருக்கிறது. சுவரில் விளக்கு வைக்கிற மாடம், வாசலைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. லைட் அடித்தால் பயந்து ஓடிவிடும், லைட் இல்லாவிட்டால் படம் விழாது. அதற்கு ஒரு சின்ன சிவப்பு பல்பு போதுமா, முக்கோணத்தின் வழியாக வரும் நிலா வெளிச்சமே போதுமா என்று இன்னும் தெரியவில்லை. பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள். தச்சர் வர எட்டு நாள். அந்த இடைவெளியில் முடிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஆன்ட்டி எங்களை வரச் சொல்லியிருக்கிறார். நூல் அவர் கட்டுவார், போன் நான் வைப்பேன். மண் ரோட்டில் காரைத் திருப்பப் போதுமான இடம் இருக்கிறதா என்று அம்மா இப்போதே அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.