குலுங்காத பெட்டி

கண்ணாடிச் சாமான் கிடங்கில் அவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் பூட்டு, பூட்டண்ணே. மேலாளருக்குக் கோபம் வந்தால் மட்டும் மிஸ்டர் பூட்டு.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் ஒரு பெட்டியைக் கட்டினால் கட்டினதுதான். தம்ளரோ, விளக்கோ, ஆளுயர நிலைக்கண்ணாடியோ, முதலில் பபிள் ஷீட், அதற்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் டேப், டேப்புக்கு மேல் பிளாஸ்டிக் பட்டை, பட்டையின் முனையில் இரும்பு கிளிப். ஒருமுறை ஓடும் லாரியிலிருந்து அவர் கட்டிய பெட்டி உருண்டு விழுந்தது. உள்ளே ஒரு கிண்ணத்தில்கூடக் கீறல் இல்லை. கிடங்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

மூடி ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் போச்சு. "குலுங்கினா அது பேக்கிங் இல்லப்பா, கிலுகிலுப்பை," என்று சொல்லி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குவார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு," என்றாள். பிசியோதெரபி படித்தவள் அவள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை.

"நல்லதும்மா. எப்படிப் போவே?"

"நம்ம கார்லதான். லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கேனே."

அவருக்குப் புரையேறியது. அந்த நீல நிறக் காரை அவர் ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம். மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த மலை ரோட்டுலயா? தனியாவா? நடுவுல போன் சிக்னல்கூட கிடையாது."

"தினமும் எத்தனையோ பேர் போறாங்கப்பா."

"போறாங்க சரி. திரும்பி வந்தாங்களான்னு யார் பார்த்தா?"

"வந்ததாலதானேங்க மறுநாளும் போறாங்க," என்றாள் மனைவி.

அவர் "பார்க்கலாம்," என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டார். அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'கிடையாது' என்று அர்த்தம். மகளுக்கு முகம் வாடிவிட்டது. மலையைத் தாண்டிப் பஸ் நேரத்துக்கு வராது. அந்த ஊரில் தங்கவும் இடம் இல்லை. கார் இல்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை அவள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். உடையும் சாமானோடேயே காலம் தள்ளியவருக்கு உலகத்தில் உடையாத சாமான் ஒன்று உண்டு என்று நம்பிக்கை வரவில்லை. மகள் விஷயத்தில் சுத்தமாக வரவில்லை.

அந்த வாரம் கிடங்கில் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. தீயணைப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி, பேச்சோடு பேச்சாக, ஒவ்வொரு காரிலும் அவசரத்துக்கு ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்றார். கடைசி வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்த பூட்டு, பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயத்துக்கும் ஒரு பெட்டி உண்டா! இது தெரியாமல் போயிற்றே!

வீட்டுக்கு வந்ததும் மகளை அழைத்தார். "கார்ல வைக்க ஒரு அவசரப் பெட்டி கட்டித் தரேன். ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் அந்த ரோட்டுல ஒரு தடவை போய்ப் பார்ப்போம். எல்லாம் சரியா இருந்தா திங்கக்கிழமை சாவி உன் கையில."

"சரியா இல்லன்னா?"

"பார்க்கலாம்."

மறுநாளே கிடங்கில் விசாரணையை ஆரம்பித்தார். வழியில் என்னென்ன ஆபத்து வரும்? டயர் பஞ்சராகும் என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மண் சரியும் என்றார் மேலாளர். பாம்பு வரும் என்றார் கணக்குப் பிரிவு அம்மாள். "எது வந்தாலும் பசிக்கும், அதை மறந்துடாதீங்க," என்றார் காவலாளி. ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பொருள் வீடு வந்து சேர்ந்தது. டார்ச், பேட்டரி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், முதலுதவிப் பை, கம்பளி, மழைக்கோட்டு, குடை, கயிறு, விசில், சாலையில் நிறுத்தி வைக்கும் சிவப்பு முக்கோணம், புத்தம் புதிய மடக்குக் கத்தி. பாம்புக்கு ஒரு தடியும் வாங்கி வந்தார். தடி எப்படி வைத்தாலும் பெட்டிக்குள் அடங்காததால் பாம்பை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை, கட்டுவதற்கு முன்னால், தெருவைக் காரில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிக்கியில் கடகடவென்று சத்தம். திறந்து பார்த்தால் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அவரால் அதைப் பொறுக்க முடியுமா? இரண்டையும் உள்ளே எடுத்து வந்து, குளிப்பாட்டிய குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி பபிள் ஷீட்டில் சுற்றி, பெட்டியின் அடியில் படுக்க வைத்தார்.

"கத்தியை மட்டும் மேலா வைங்கப்பா, சட்டுனு எடுக்கணும்," என்றாள் மகள்.

"எல்லாத்துக்கும் மேல அதான் இருக்கு. கையை விட்டா எட்டும்."

ஆட்டிப் பார்த்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூடினார், டேப் போட்டார், பட்டை போட்டு கிளிப்பை நசுக்கினார். மேலே அம்புக்குறி ஒட்டி, 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதினார். பிறகு திருப்திக்காக அதை மாடிப்படியில் ஒருமுறை உருட்டிவிட்டார். படியில் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஈ எறும்பு நுழையாது," என்றார்.

"நாம நுழைவோமா?" என்று கேட்டாள் மனைவி. அவர் காதில் அது விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் காரை ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தார். மனைவி பின்னால் உட்கார்ந்து கடலை கொறித்தாள். மலையின் பாதி ஏறியதும் தூறல் பிடித்தது. ஒரு வளைவு தாண்டினதும் கார் ஒரு பக்கமாக இழுத்தது. மகள் பதறாமல் ஓரம் கட்டினாள். பின் டயர் சப்பையாகக் கிடந்தது.

அந்த ரோட்டில் அவர் பயந்ததே இதற்குத்தான். ஆனால் முகத்தில் தெரிந்தது வேறு. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டவன் முகம் அது. "யாரும் பதறாதீங்க," என்றார். "பெட்டி இருக்கு."

மாற்று டயர் டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தது. மூவரும் முக்கி முனகிப் பெட்டியைத் தூக்கி ரோட்டோரத்தில் வைத்தார்கள். தூறலுக்கு மனைவி மறுபடி காரில் ஏறிக்கொண்டாள். அவர் அதன் முன்னால் குந்தி, கைகளைத் தேய்த்துக்கொண்டார். அப்படியே இருந்தார்.

"என்னப்பா? கத்தி எங்கே?"

"உள்ள."

"ஜாக்கி?"

"உள்ள."

"ஸ்பேனர்?"

"எல்லாம் பத்திரமா உள்ளதாம்மா இருக்கு."

காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மனைவிக்குக் கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

மகள் நகத்தால் சுரண்டினாள். அவர் பல்லால் கடித்தார். கார்ச் சாவியால் அறுக்கப் போனவரை, "அது ஒண்ணுதாம்பா இருக்கு, அதையும் ஒடிச்சிடாதீங்க!" என்று தடுத்தாள். கடைசியில் ஒரு கல்லை எடுத்து ஓங்கி இடித்தாள். கல்லில் ஒரு துண்டு தெறித்தது. பெட்டி அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா! நீங்க யார் பக்கம்?"

"உன் பக்கம்தாம்மா."

"அப்ப இதை எப்படித் திறக்கிறதுன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். தூறல் மண்டையில் விழ விழ யோசித்தார். "தெரியாதும்மா," என்றார்.

"ஆயுசு முழுக்க இதானேப்பா உங்க வேலை?"

"கட்டுறதுதான் என் வேலை. திறக்கிறது வாங்குறவங்க பாடு."

மகள் கல்லைக் கீழே போட்டாள். "விடுங்கப்பா. நாளைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சிடுச்சு. நீங்க 'பார்க்கலாம்'னு சொல்லப் போறீங்க," என்றாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். உண்மையாகவே அதைத்தான் சொல்லவிருந்தார்.

அதற்குள் மனைவி காரை விட்டு இறங்கி வந்தாள். "தள்ளுங்க ரெண்டு பேரும். இவர் கட்டினதையெல்லாம் வீட்டுல இத்தனை வருஷமா யார் திறக்கிறான்னு நினைச்சீங்க? உப்பு டப்பாவுக்கே டேப் போடுற மனுஷன். என்னங்க, ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"லேஸ் வேணும்."

அவள் லேஸைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைகிற மாதிரி மாற்றி மாற்றி இழுத்தாள். சூடேறிப் பிளாஸ்டிக் வாடை வந்தது. பட்டை டப்பென்று அறுந்தது. பிறகு பெட்டியை ஒருக்களித்துச் சாய்த்து, அடியில் இடது மூலையைத் தடவினாள்.

"டேப்பை எப்பவும் இங்கதான் முடிப்பார். முடிச்ச முனையைச் சின்னதா மடிச்சு ஒரு காது வைப்பார். ஏன்னு அவருக்கே தெரியாது."

அவர் தன் விரல்களைப் பார்த்தார், யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல. மனைவி காதைப் பிடித்து இழுத்தாள். வாழைப்பழத் தோல் மாதிரி டேப் மேல் மூடி வரை உரிந்து வந்தது.

கத்தி கிடைத்தது. ஆனால் ஜாக்கி அடியில் அல்லவா இருந்தது? ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உறை கிழித்து, ரோட்டோரச் சுவரில் வைத்தார்கள். டார்ச், கம்பளி, விசில், குடை. பபிள் ஷீட் மலைபோலக் குவிந்தது. அந்த வழியே ஸ்கூட்டரில் வந்த தம்பதி வண்டியை நிறுத்தினார்கள்.

"என்னங்க, தள்ளுபடி விற்பனையா?" என்று கேட்டார் அந்தக் கணவர்.

"அந்தக் குடை என்ன விலை?" என்று கேட்டாள் ஸ்கூட்டரில் பின்னால் இருந்தவள்.

"குடை கொடுக்கிறதுக்கு இல்லம்மா," என்றார் பூட்டு கண்டிப்பாக. "அது மழை வந்தா பிடிக்கிறதுக்கு."

சொல்லிக்கொண்டிருந்த அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜாக்கி வெளியே வந்ததும், "நகரும்மா, நான் மாத்துறேன்," என்றார்.

"நீங்க அந்த முக்கோணத்தைக் கொண்டுபோய்ப் பின்னால வச்சிட்டு, அங்கேயே நின்னு வர்ற வண்டிக்குக் கை காட்டுங்கப்பா."

ஒரு ஷூவில் லேஸ் இல்லாமல் சரக் சரக்கென்று நடந்துபோய் நின்றார். அங்கிருந்து மகளைப் பார்த்தார். அவள் காரைத் தூக்குவதற்கு முன்னாலேயே நட்டுகளைத் தளர்த்தினாள். ஒரு நட்டு அடம் பிடித்தது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று, உடம்பின் கனத்தைக் கொடுத்து ஒரு குதி குதித்தாள். நட்டு கிறீச்சென்று வழிக்கு வந்தது. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைக்க வந்த அம்மாவை முழங்கையால் தள்ளிவிட்டு அடுத்த நட்டுக்குப் போனாள். கை முழுக்கக் கறுப்பு, முழங்கால் முழுக்கச் சேறு. இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள்? தன் வீட்டில் வளர்ந்த பெண்தானா?

"எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று திரும்பி வந்ததும் கேட்டார்.

"டிரைவிங் ஸ்கூல்லப்பா. அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க குடை வாங்கப் போயிட்டீங்க."

ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். டிக்கியில் எல்லாம் அவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஜாக்கி ஒரு பக்கம் உருள, டார்ச் மறுபக்கம் உருண்டது.

"என்னங்க, கிலுகிலுப்பைச் சத்தம் கேக்குதே?" என்றாள் மனைவி வேண்டுமென்றே.

"கேக்கட்டும்," என்றார்.

திங்கட்கிழமை காலையில் மகள் டிக்கியைத் திறந்தாள். மூடி இல்லாத பிளாஸ்டிக் கூடை ஒன்றில் எல்லாம் கண்ணுக்குத் தெரிய நின்றன. ஜாக்கியும் ஸ்பேனரும் கைக்கு எட்டும் இடத்தில் வெறுமனே கிடந்தன. கத்தி கூடையின் வெளிப்பக்கம் ஒரு கயிற்றில் தொங்கியது, அதுவும் இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சில். அவர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். அதற்கு உறைகூடப் போட்டிருக்கவில்லை.

"பார்த்துப் போயிட்டு வாம்மா," என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

கார் கடகடவென்ற சத்தத்தோடு தெருமுனை திரும்பியது. சத்தம் மறையும் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மதியம் அவர் கிடங்கில் விளக்குக் கூடு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்தான். டேப்பைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

"என்னம்மா? வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டி நல்லா இருக்கு. என் சாப்பாட்டு டப்பாவை யார் கட்டினது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வளைவு ஜாஸ்தியாச்சே, சிந்திடக் கூடாதேன்னு... சிந்துச்சா?"

"ஒரு சொட்டு சிந்தலப்பா. இங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டாங்க. நான் இன்னும் திறந்துட்டிருக்கேன்."

"அடியில பாரும்மா," என்றார் பூட்டு. "இடது மூலையில ஒரு காது இருக்கும்."