அருந்ததிக்குக் குறுக்கே ஒரு ராக்கெட்

புலம்பெயர்ந்து வந்து எசன் நகரில் இருபது வருடமாகக் குப்பை லொறி ஓட்டும் தபோதரனுக்கு, மகளின் கலியாணத்தில் ஒரே ஒரு கவலைதான். சாப்பாடு எல்லாருக்கும் காணுமா என்பதல்ல, வானம் வெளிக்குமா என்பது.

மகள் ஆதிரை முன்னமே சொல்லிவிட்டாள். "மண்டபத்து லைற்றைக் காட்டி அருந்ததி எண்டால் நான் பாக்கமாட்டன் அப்பா. உண்மையான நட்சத்திரம் வேணும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். இங்கே நடக்கிற கலியாணங்களில் மாப்பிள்ளை கூரையைக் காட்டுவார், பெண் தலையை ஆட்டுவாள். தபோதரனே ஒரு குழல்விளக்கைச் சாட்சி வைத்துக் குடித்தனம் தொடங்கியவர்.

ஆகவே பின்நேர முகூர்த்தம் வைத்தார். தை மாதம், ஐந்தரைக்கே இருட்டிவிடும். தாலி ஏறி, அம்மி மிதித்து முடிய மனிதர் வாசலுக்கு ஓடினார். மூன்று நாள் மூடிக் கிடந்த வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

"வெளிச்சிட்டுது, எல்லாரும் வாங்கோ."

நாதஸ்வரக்காரர், வீடியோக்காரர், கையில் வடையோடு பந்தியில் இருந்தவர்கள் என்று முழுச் சபையும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை. மாப்பிள்ளை சுலக்ஷன் வடக்கே விரலை நீட்டினான். நீட்டிய இடத்தில், முழுநிலவைவிடப் பெரிதாக, ஒரு நீல முறுக்கு சுழன்றுகொண்டிருந்தது.

ஐயரின் மந்திரம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் பவளம் தலையில் கைவைத்தாள்.

"அண்ணை, இது என்ன சகுனம்? நட்சத்திரத்தைக் காணேல்லை, சக்கரம் சுத்துது."

"சகுனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உது ராக்கெட்."

லொறியில் வானொலி கேட்டே விண்வெளி படித்த தபோதரனுக்கு இப்படி ஒரு சபை வாழ்நாளில் வாய்த்ததில்லை. "மிச்ச எரிபொருளைச் சுழண்டு சுழண்டு கொட்டுறாங்கள். அது உறைஞ்சு மினுங்குது. எங்களுக்குத்தான் இருட்டு, அங்கை இன்னும் வெயில். எஞ்சின் புகை இதைவிட மோசம். அந்த உயரத்திலை காத்து மின்னேறிக் கிடக்கும். புகையிலை இருக்கிற நீராவி பட்டால் மின் அணைஞ்சு, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஓட்டை விழும். ஜிபிஎஸ்கூடத் தடுமாறும்."

"ஓட்டையோ?"

"பயப்பிடாதேங்கோ. வெயில் பட்டுக்கொண்டிருக்க ஓட்டை தானா அடைபட்டிடும்."

பவளம் யோசித்தாள். "புகை கூடிப்போச்செண்டு என்ரை காரைச் சோதனையிலை திருப்பி அனுப்பினவங்கள். உவங்களை ஆர் சோதிக்கிறது?"

சபை வெடித்துச் சிரித்தது. ஐயர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "உது போகுமட்டும் நான் என்ன மந்திரத்தைச் சொல்லுறது?" என்றார்.

"பத்து நிமிசம் பொறுங்கோ, கலைஞ்சிடும்," என்றார் தபோதரன்.

நாதஸ்வரக்காரர் குளிருக்குத் துள்ளித் துள்ளி வாசித்தார். பவளம் கைதட்டினாள். முறுக்கு நகர்ந்து, விரிந்து, வெளிறிக் காணாமல் போனது.

"அப்பா, ரெண்டு இருக்கு," என்றாள் ஆதிரை. "பெரிசுக்குப் பக்கத்திலை சின்னன்."

பெரிது வசிட்டர், சின்னன் அருந்ததி. சுலக்ஷனும் கண்டான், பவளமும் கண்டாள். தபோதரன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது.

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது," என்று விரலை நீட்டிக் காட்டினார்.

"பொய் சொல்லாதேங்கோ," என்று ஆதிரை அவருடைய விரலைப் பிடித்து, இம்மியளவு மேலே தள்ளி வைத்தாள்.