மீனு தூரமாக இருக்கிறாள்

நாயைப் பிடித்து மேஜையில் ஏற்றுவது எளிது. எங்கே, என்ன வடிகிறது என்று நாய்க்காரர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. நாய் வளர்க்கிற உங்களுக்கும் இந்தக் கூச்சம் தெரிந்ததுதான். எனக்கு உங்களைவிட அதிகம்.

பாளையங்கோட்டையில் எங்கள் நாய் ஆஸ்பத்திரியில் அந்தச் சனிக்கிழமை இருந்தவர்கள்: டாக்டரம்மா, உதவியாள் நான், ஓய்வு பெற்ற டீச்சர் கோமதியம்மாள், சாத்தான்குளம் கருப்பட்டி வியாபாரி தாவீது அண்ணாச்சி, மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து கீழே அடுக்குமாடிக்குக் குடிவந்த மாரியப்பன், நாய்கள் மூன்று.

எவ்வளவு தூரம்?

கோமதியம்மாள் நாயில்லாமல் உள்ளே வந்து என் காதருகே, "மீனு தூரமா இருக்கா" என்றார். அவர் குடியிருக்கும் ஆற்றங்கரைத் தெரு வீடுகளில் மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. "எவ்வளவு தூரம்னாலும் ஆட்டோவில கொண்டு வந்திரலாம்மா" என்றேன். "வாசல்ல கார்லதான் படுத்திருக்கா" என்றார்.

மீனு லாப்ரடார். ஒன்றரை மாதத்துக்கு முன் பருவம் வந்து முடிந்தது. இப்போது மறுபடி கசிவு. திரும்பவும் தூரம் என்று கொல்லையில் கட்டிவிட்டார்கள். சோற்றைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் வாளி வாளியாக. கசிந்ததை அவளே நக்கிச் சுத்தம் செய்ததால் நிறம் யார் கண்ணிலும் படவில்லை. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது தூரமில்ல டீச்சர், கர்ப்பப்பை நிறையச் சீழ். இன்னைக்கே எடுக்கலைன்னா மீனு இல்ல."

மூணு மாடி

மீனுவுக்கு டிரிப்ஸ் ஏறுகிற நேரத்தில் மாரியப்பனின் ரோஸியைப் பார்த்தோம். "பீட்ரூட் சாறு மாதிரி" என்று மட்டும் சொன்னார். சொட்டுச் சொட்டாக மூத்திரம், அதில் ரத்தம். நாளெல்லாம் அடக்கி அடக்கி மூத்திரப்பையில் கிருமி சேர்ந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதி, அடிக்கடி வெளியே விடச் சொன்னார். மாரியப்பன் ரோஸியைப் பார்த்தார். "மலையில எஸ்டேட்டு முழுக்க இவளுக்குக் கக்கூசு, இங்கன ஒவ்வொரு தடவையும் மூணு மாடி இறங்கணும்லா."

ஒரு ஊசியாவது

தாவீது அண்ணாச்சியின் சிங்கம் முப்பது கிலோ நாட்டு நாய், ஆண். அண்ணாச்சி என்னைப் பைய ஓரமாக இழுத்து, "ஏம்வே, ஆம்பளைக்கும் வெள்ளை படுமா?" என்றார். நுனியில் மஞ்சளாய் ஒரு சொட்டு. ஆண் நாய்க்கு இந்த அளவு வழக்கம்தான், ரத்தம் வந்தாலோ மூத்திரம் போக முக்கினாலோ கொண்டு வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. "சாத்தான்குளத்துலேருந்து வந்திருக்கேம்லா! ஒண்ணுமில்லன்னா எப்படி? ஒரு ஊசியாவது போடுங்கம்மா."

கேட்ட ஊசி

போட்டோம். மீனுவின் ரத்தம் ஆபரேஷன் தாங்காத அளவு குறைந்திருந்தது. டாக்டரம்மா சிங்கத்தைச் சோதித்து, இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்த்துவிட்டு, அண்ணாச்சியிடம் கேட்டார். அவர் சிங்கத்தின் தலையை மடியில் வைத்து, "அசையாதலே, ஒரு பிள்ளை உசுரு" என்றார். ஒரு பை ரத்தம் நிறைந்தது.

ஆபரேஷன் முடியும்வரை கோமதியம்மாள் உட்காரவில்லை. உள்ளே நான், வயிற்றில் ஒன்றும் தங்கிவிடக்கூடாதே என்று, பஞ்சுத் துணிகளை இரண்டு தடவை எண்ணினேன், சரியாக இருந்தது. சாயங்காலம் மீனு வாலை ஒருமுறை தரையில் தட்டினாள். கோமதியம்மாள் அப்போதுதான் அழுதார்.

"டீச்சர், இனி இவ எங்க ஊர் ரத்தம்" என்றார் அண்ணாச்சி. "தூரம்னு கொல்லையில கட்டினீங்கன்னா சாத்தான்குளத்துலேருந்து ஆள் வரும்."

கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குக் கட்டப்போறேன்? அதான் தூரமே தொலைஞ்சு போச்சே!"

ஆக, அன்று வந்த நாய் மூன்று, பிழைத்த நாய் மூன்று, கேட்க ஆளில்லாமல் மிஞ்சியது தட்டில் ஒரு கர்ப்பப்பை.