ஈரம் தேடிய நாய்

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரி, கையில் முறம். மாடியில் இருக்கும் ஓனரம்மா, படிக்கட்டில் பாதி இறங்கி. நாய் காப்பகத்து டாக்டர் பொண்ணு, தோளில் பை. நான், ஆட்டோ ஹேண்டிலைப் பிடித்தபடி. கடைசியாக நாய். பின் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"இன்னாது அது?" என்று ஓனரம்மா கேட்டார்.

"நாய்ங்க."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"கொஞ்ச நாளைக்குத்தான். காப்பகத்துல எடம் இல்லையாம்."

"சவாரி ஏத்தினு வருவேன்னு பார்த்தா, பைரவர ஏத்தினு வந்துட்டியா?"

"சாதுவான நாய்ங்கம்மா" என்றாள் டாக்டர் பொண்ணு.

"மலையச் சுத்தி சாதுங்களுக்கு இந்த ஊர்ல பஞ்சமா பாப்பா? படி ஏறி மேல வராம இருந்தா சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஓனரம்மா ஏறிப் போய்விட்டார்.

அந்த நாயை எனக்கு முன்னாலேயே தெரியும். வேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட், வண்டி கழுவுகிற இடம். நடத்தினவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். நாயைச் சங்கிலியோடு விட்டுப் போனார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் போன் போட்டு, டாக்டர் பொண்ணு வந்து அவிழ்த்தாள். காப்பகத்துக்கு என் ஆட்டோவில்தான் போனது. அங்கே மற்ற நாய்கள் குரைக்கக் குரைக்க இது சாப்பாட்டை விட்டுவிட்டது. அதனால்தான் என்னைக் கேட்டாள். நான் சரி என்றேன். வீட்டில் கேட்காமல் சொன்னேன்.

நாயை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு புருஷன் பெண்டாட்டி. பிள்ளைகள் வெளியூரில். நாயை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்க ஆசை. ஆனால் ஒரு கண்டிஷன்.

"அவருக்கு இடுப்பெலும்பு உடைஞ்சி ஆபரேஷன் ஆயிருக்குங்க" என்றாள் டாக்டர் பொண்ணு. "ஈரத்துல வழுக்கித்தான் விழுந்தாரு. இப்ப தடி வச்சித்தான் நடக்கறாரு. நாய் வீட்டுக்குள்ள தரைய நனைக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கேட்டாங்க. அடுத்த பௌர்ணமி முடிஞ்சதும் பார்க்க வராங்க."

"நனைச்சா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"எடுக்க மாட்டாங்க. வேற யாரும் கேக்கலைங்க. தெருவுலதான் விடணும்."

தெருவில் இது பிழைக்காது. அது பார்த்தாலே தெரிந்தது. ஸ்கூட்டர் ஹாரனுக்கே கண்ணை மூடிக்கொள்ளும் நாய்.

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்பக்கம் கொஞ்சம் மண் தரை, ஒரு முருங்கை மரம், சுற்றி மதில். நாய் வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனது. அங்கேயே இருந்தது. அங்கேயே நனைத்தது.

டாக்டர் பொண்ணு சொல்லிக் கொடுத்தபடி செய்தோம். சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போகணும், ஒண்ணுக்குப் போகிற வரைக்கும் நிற்கணும், போனால் தட்டிக் கொடுக்கணும். நான் தெருக்கோடி வரைக்கும் கூட்டிப் போய் நிற்பேன். அது நாலு காலும் நடுங்க நிற்கும். ஒன்றும் நடக்காது. வீட்டுக்குத் திரும்புவோம். நடு வீட்டில் போய்விடும்.

"தெருவுல இன்னா, கோயில் பிரகாரம்னு நெனச்சிக்குதா? அங்க அசிங்கம் பண்ணக் கூடாதுன்னு இங்க வந்து பண்ணுது" என்பாள் என் வீட்டுக்காரி.

அவள் சுத்தக்காரி. ஒரு பக்கெட் தண்ணி ஊற்றி, பினாயில் போட்டு, மாப் எடுத்துத் துடைப்பாள். மாப் கட்டையைக் கண்டால் நாய் இருந்த இடத்திலேயே இன்னொரு தடவை போகும். அது பயத்தில் போவது. அதற்காக இன்னொரு பக்கெட். ஈரம் காய்வதற்குள் திரும்பவும் அதே இடம். வாடை போகவில்லை என்று நினைத்தோம். மஞ்சள் தண்ணி ஊற்றினோம், வேப்பிலை போட்டு ஊற்றினோம். தண்ணி ஜாஸ்தி ஆக ஆக அதுவும் ஜாஸ்தி போனது.

ஓனரம்மா மேலிருந்து குரல் கொடுத்தார். "கீழ இன்னா, கும்பாபிஷேகமா? காலையிலேர்ந்து தண்ணி ஊத்திக்கினே இருக்கீங்க?"

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. என் வீட்டுக்காரி வாசல் பெருக்கித் தண்ணி தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே வந்தாள். கதவு திறந்திருந்தது. நாய் கட்டிலடியிலிருந்து தானாக எழுந்து வெளியே போனது. வந்த பிறகு அதுதான் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். அது நேராகத் தெளித்த இடத்துக்குப் போனது. நடு வாசல். புள்ளி வைக்கிற இடம். உட்கார்ந்து போனது.

இன்றைக்கு நாயும் நானும் தெருவில் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. மாவு டப்பாவோடு நின்றாள்.

"ஏங்க. ரோட்டுல அத்தினி நேரம் நிக்கறீங்களே, அங்க காஞ்ச தரைதானே?"

"ஆமா."

"நான் தொடச்ச எடத்துல போவுது. நான் தெளிச்ச எடத்துல போவுது. காஞ்ச எடத்துல ஒருநாளும் போவல. இது ஈரத்தத் தேடுதுங்க."

எனக்கு ஷெட் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பைப்பில் தண்ணி அடிக்கிற இடம். சிமெண்ட் தரை காயவே காயாது. குட்டியிலிருந்து அங்கே கட்டிக் கிடந்த நாய். ஈரத் தரைதான் போகிற இடம் என்று அது கற்றிருக்கிறது. ஒழுங்காகத்தான் கற்றிருக்கிறது. நாங்கள்தான் தினமும் பக்கெட் பக்கெட்டாக அதற்கு இடம் தயார் செய்து கொடுத்திருக்கிறோம்.

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அது அவள் சிரிக்கிற விதம்.

அன்றிலிருந்து மாற்றினோம். வீட்டுக்குள் தண்ணி நிறுத்தம். நாய் நனைத்தால் மரப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த மரத்தூளைப் போட்டு, ஊறியதும் அட்டையால் வாரி எடுப்போம். காய்ந்த துணியால் உட்கார்ந்து துடைப்போம். எப்போதாவது வீடு துடைத்தே ஆகவேண்டும் என்றால் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் செங்கம் ரோடு போய்விடுவேன். தரை காய்ந்ததும் அவள் போன் போடுவாள்.

ஓனரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளிக்கெழம அதுவுமா வீட்ட தண்ணி போட்டுத் தொடைக்கலன்னா லட்சுமி எப்படிடி வருவா?"

"வெளிய வெயிட் பண்ணட்டும்மா. இது மொதல்ல கத்துக்கட்டும்."

விடிகாலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் பின்பக்கம் தெளித்தாள். முருங்கை மரத்தடியில், ஒரு பக்கெட். நான் நாயைக் கூட்டிப் போனேன். மதிலுக்குள் வண்டி இல்லை, ஆள் இல்லை. அது ஈர மண்ணை மோந்து பார்த்தது. சுற்றிச் சுற்றி வந்தது. போனது. அவள் பொறை ரொட்டியை உடைத்துப் போட்டாள். அது தின்றது. எங்கள் கண்ணெதிரே அது தின்றதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகுதான் அவள் முன்கதவைத் திறந்தாள், வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள்.

அப்புறம் தண்ணியைக் குறைத்தோம். பக்கெட் சொம்பு ஆனது. சொம்பு ஒரு கை தண்ணி ஆனது. ஒருநாள் தெளிக்காமல் விட்டோம். மரத்தடியில் நின்று எங்களைப் பார்த்தது. உள்ளே வந்து கட்டில் காலடியில் நனைத்துவிட்டது. திரும்பவும் சொம்பிலிருந்து ஆரம்பித்தோம். இவள் சலித்துக்கொள்ளவில்லை. நான் சலித்துக்கொண்டேன்.

"அவசரப்பட்டா ஆட்டோ ஓட்டப் போங்க" என்றாள்.

தடிக்கும் ஒரு வழி செய்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரர் தடியோடு வருவார், மாப் கட்டைக்கே இப்படிப் பயந்தால் என்ன ஆவது? மாப் கட்டையைக் கழற்றித் தரையில் கிடத்தினாள். சோற்றுத் தட்டை அதற்குத் தள்ளி வைத்தாள். தினம் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தாள். பிறகு கட்டையைச் சுவரில் சாய்த்தாள். பிறகு நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் அதை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன்.

"கெழவன் வேஷம் நல்லா பொருந்துது" என்றாள்.

நாய் கட்டிலடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது. நனைக்கவில்லை.

பௌர்ணமி வந்தது. மலை சுற்றுகிற கூட்டம் எங்கள் தெருமுனை வரைக்கும். விசில், மைக், பஸ் ஹாரன். எனக்கு ஓய்வில்லாத சவாரி. இன்றைக்கு எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்தபோது அவள் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள். "அதுவா வந்து பின்கதவ பிறாண்டிச்சி. தொறந்து விட்டேன். காஞ்ச மண்ணுல போயிட்டு வந்து படுத்துச்சி." தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கூட்டம் வடிந்ததும் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மா முன்னால். அவர் பின்னால், தடி ஊன்றி, வாசல்படியை ரொம்ப நேரம் பார்த்து ஏறினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொம்பைத் தரையில் வைத்தார். நாய் கட்டிலடியில்.

"எங்கம்மா பொண்ணு? வெளிய வரமாட்டாளா?" என்று கட்டிலடியைப் பார்த்துக் குனிந்தார். தடி நழுவியது. சொம்பின் மேல் விழுந்தது. மீதித் தண்ணி அத்தனையும் கொட்டியது. நடு வீடெல்லாம் ஓடியது.

நான் எழுந்திருக்கவில்லை. காபி டம்ளரோடு வந்த என் வீட்டுக்காரி சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

"அய்யோ, இருங்க, தொடைக்கிறேன்" என்று அந்த அம்மா எழுந்தார்.

"வேணாங்க. ஒரு நிமிஷம் அப்படியே இருங்க" என்றேன்.

நாய் வெளியே வந்தது. சத்தத்தில் உடம்பு நடுங்கியது. தண்ணியை மோந்தது. ஒரு கால் ஈரத்தில். அவர் தடியைப் பார்த்தது. என் வீட்டுக்காரியைப் பார்த்தது. அவள் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாய் காலை உதறியது. ஈரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது. பின்கதவில் போய் நின்று ஒரு தடவை பிறாண்டியது.

ஓடிப் போய்த் திறந்தேன். அது முருங்கை மரத்தடிக்குப் போனது. வெயிலில் பாளம் வெடித்துக் கிடந்த மண். அங்கே போனது.

என் வீட்டுக்காரி கத்தினாள். காபி அவள் கையெல்லாம் கொட்டியது, அவளுக்குத் தெரியவில்லை. ஓனரம்மா படிக்கட்டிலிருந்து, "இன்னாடி, போயிட்ச்சா?" என்று பதறினார்.

"போச்சிம்மா! வெளிய போச்சி! வெளிய!"

"அடி சக்க! எங்க அண்ணாமலையாரே!" என்று அவர் மேலிருந்து கை தட்டினார்.

வந்தவர்கள் இரண்டு பேரும் முழித்தார்கள். தண்ணி கொட்டினதற்கு இந்த வீட்டில் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று. நான் ஷெட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். நான் அவ்வளவு பேசி இவளே கேட்டதில்லை. அவர் பின்கதவைப் பார்த்தபடியே கேட்டார். முடிந்ததும் தடியைக் காலடியில் கிடத்திவிட்டுக் கையை நீட்டினார். நாய் வந்து கையை மோந்தது.

"எனக்கு இருக்கற பயம்தான் இதுக்கும்" என்றார். "நாங்க ரெண்டு பேரும் ஈரத்தப் பார்த்து சுத்திப் போவோம்."

என் ஆட்டோவிலேயே கீழ்பென்னாத்தூர் போனார்கள். நாய் இந்தத் தடவை சீட்டுக்கு முன்னால் பதுங்கவில்லை. அந்த அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டிலும் பின்பக்கம் மண் தரை இருந்தது. இடத்தைக் காட்டி, மூன்று பேரும் நின்று, அது போகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

அடுத்த பௌர்ணமி கழிந்து அந்த அம்மா போன் செய்தார். இவள் ஸ்பீக்கரில் போட்டாள். நாய் இப்போது வீட்டுக்காரர் கட்டில் பக்கத்திலேயே படுக்கிறதாம். தடியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கிறதாம். இவளுக்கு அதெல்லாம் வேண்டாம்.

"நல்லதுங்க. வீட்டுக்குள்ள எத்தினி வாட்டி நனைச்சிச்சி? மறைக்காம சொல்லுங்க."

"பூஜ்ஜியம்."