மீன மாதத்துப் பச்சை

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கரமனையிலிருந்து போன் வந்தது. கோமதி அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டா" என்றார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த தோட்டக்கலை அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேசைக்காரர். வெயிலும் பாறையுமான மலையுச்சித் தோட்டங்களுக்கு அந்த மண்ணின் செடிகளையே தேர்ந்து கொடுப்பார். மற்றவர்கள் மழைக்காலத்தில் நர்சரிக்குப் போவார்கள். இவரோ மீன மாதத்து, அதாவது பங்குனியின், உச்சி வெயிலில் குடையோடு பாறையைச் சுற்றி, சருகுக்கு அடியில் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். "ஆரும் ஜலம் விடாம இப்போ எது உயிரோட இருக்கோ, அது போறும்" என்பார். கூடப் போன எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மலைமேல் ஒரு விருந்தினர் மாளிகைக்குத் தெருவைப்புல் என்ற எலுமிச்சைப்புல்லும் தும்பையும் செங்காந்தளும் நட்டார். கோடையில் அவை மேலே சருகாகிவிடும். வேரும் விதையும் கிழங்கும் உறங்கி, மழைக்கு எழும். இது யாருக்குப் புரிந்தது? பெரிய மனிதர் யாராவது வரும்போதெல்லாம், செத்த செடி என்று பிடுங்கி எறிந்தார்கள். அக்கா சண்டை போட்டு மறுபடி நடுவார். கடைசியாக நட்டதைப் பிடுங்க விடாமல் காத்தவர் அங்குள்ள காவலாளி ஸ்ரீகுமார். அக்கா மேல் அவருக்கு அத்தனை பாசம்.

நோய் முற்றிப் படுத்த பிறகு, அந்தத் தோட்டம் ஒரு மழைக்காவது பூத்தால் போதும் என்றே அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் ஸ்ரீகுமார் போனில் கூப்பிட்டார். சேச்சிக்குச் சுகமாகட்டும் என்று நேர்ந்துகொண்டு, தினமும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறாராம். எல்லாம் நல்ல பச்சையாக இருக்கிறதாம்.

"நன்னாயி, ஸ்ரீகுமாரே" என்று அக்கா போனை வைத்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"மீனத்துல பச்சைன்னா அது களையாக்கும். நம்மளது ஜலம் குடிச்சு அடியில அழுகியிருக்கும், கேட்டோ. அவன்ட்ட சொல்லாதே."

ஸ்ரீகுமார் இல்லாத நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். தோண்டிய இடத்திலெல்லாம் கிழங்கு கையில் கூழாக வந்தது. திரும்பி வந்தபோது அக்கா எதுவும் கேட்கவில்லை.

தகனத்துக்கு ஸ்ரீகுமார் பஸ் பிடித்து வந்திருந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு, தான் உள்ளவரை சேச்சியின் தோட்டத்துக்கு ஒரு நாளும் தண்ணீர் தப்பாது என்று அழுதார். நான் தலையசைத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போங்கள்.