நாற்பது வினாடிக் காலர்

எங்கள் தையல் ஆலையில் அவனுக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு சட்டைக்குக் காலர் வைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து எழுதுவதுதான் அவன் உத்தியோகம். அவனுடைய அக்கா எனக்கு முன்வரிசை மெஷினில் இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு, காலர் தைத்துத் தைத்தே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். அவனுக்கு எங்கள் ஆலையிலேயே வேலை கிடைத்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் காலை எட்டரைக்கு, யாரை அளப்பது என்று சுற்றிப் பார்த்தவன் நேராக அக்காவிடம் வந்து நின்றான். மானேஜர் முன்னால் தம்பி பேர் வாங்க வேண்டுமே என்று அவள் பிய்த்து உதறினாள். ஒரு காலருக்கு நாற்பது வினாடி. எல்லோரும் மணிக்குத் தொண்ணூறு தைக்க வேண்டும் என்று பலகையில் ஏறிவிட்டது. தலைகீழாக நின்றாலும் நாங்கள் எழுபத்தைந்தைத் தாண்ட மாட்டோம். மறுநாள் அவளே தாண்டவில்லை.

எண்ணிக்கை முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார் மானேஜர். எட்டு மணி நேர வேலை பத்தரை மணி நேரமானது. கடைசி இரண்டு மணி நேரத்தில் தைத்த காலரில் பாதி கோணல். மறுநாள் காலையில் அதைப் பிரித்துத் தைக்கவே நேரம் சரியாக இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், தேறிய சட்டை பழைய கணக்குதான், முதுகுவலிதான் புதிது. கோபத்தில் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் பக்கத்தில் உட்காருவதையே எல்லோரும் நிறுத்தினோம். நானும்தான். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மூன்றாம் மாதமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாயங்கால வேலையையும் அளந்து பார்த்து, அந்தத் தாளை என்னிடமே காட்டினான்.

“அப்புறம் என்ன, மானேஜர்கிட்ட போய்ச் சொல்லு” என்றேன்.

“நான் போட்ட கணக்கே தப்புன்னு நானே எப்படிச் சொல்றது? முதல்ல வேலை நிரந்தரமாகட்டும். இன்னும் மூணு மாசந்தானே?”

அந்த மூன்று மாதத்தில் அக்காவின் வலது கைவிரல்கள் மரத்துப்போயின. ஒரு நாள் ஊசி விரலில் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கையை இழுத்தாள். மெஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாளே அவன் மானேஜர் அறைக்குப் போய்த் தாளை நீட்டினான். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் இருந்தது. வேலையே போய்விடும் என்று நடுங்கிக்கொண்டுதான் போனானாம். மானேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றார். அவ்வளவுதான். பலகையில் எழுபத்தைந்து ஏறியது. நாங்கள் மறுபடி எட்டு மணி நேரத்தில் வீடு திரும்பினோம்.

அதைச் சொல்ல அவன் அக்காவின் மேசைக்கு வந்தபோது, நானும் அங்கே மன்னிப்புக் கேட்கத்தான் நின்றிருந்தேன். அவள் இடது கையால் கத்தரி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

“உன்னை அளந்தது என் தப்புக்கா” என்றான்.

“நான் அவ்வளவு வேகமா தெச்சதும் தப்புதான். தினமும் இப்படித் தைக்க முடியுமான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

“அன்னைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றாள். “மறுநாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரே வீட்டுலதானடா இருந்தோம்?”